நேர்மையான போலீஸ்காரரும் காணாமல் போன மூன்று நிமிடங்களும்

45 எபிசோடு பார்த்து முடித்த பிறகுதான், அதுவரை பார்த்ததெல்லாம் வெட்டிச் சுருக்கிய பிரதி என்று தெரியவந்தது. 1967-ல் வண்ணத்தில் திரும்பி வந்த ‘டிராக்நெட்’ என்ற அமெரிக்கப் போலீஸ் தொடரின் முதல் இரண்டு சீசன்கள் அவை. ஒவ்வொன்றும் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டிப் பார்த்தால் பதினாறரை மணி நேரம். டிஸ்க்குக்குக் கொடுத்த காசு போனது ஒரு பக்கம். ‘இவ்வளவு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் தொடர் இவ்வளவுதானா’ என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன், அதுதான் வெட்கம். ‘முதலில் எபிசோடின் நீளத்தைப் பார்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், சொல்லத்தான் ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் சொந்தக் கதை இத்தோடு சரி. மிச்சமெல்லாம் அந்தக் காலத்துப் போலீஸ் தொடர்களைப் பற்றியும், அவற்றைப் பழுதில்லாமல் பார்க்கும் வழியைப் பற்றியும்தான்.

மூன்று நிமிடம் போனால் என்ன குடிமுழுகிவிட்டது என்று தோன்றும். வெட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இந்தத் தொடர்கள் முதலில் வந்தபோது அரை மணி நேர இடத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் கதை ஓடும். பிற்காலத்தில் மறுஒளிபரப்பு செய்த நிலையங்களுக்குக் கூடுதல் விளம்பரம் போட வேண்டியிருந்தது, கத்திரியை எடுத்தார்கள். கொலையை வெட்ட முடியாது, துப்பை வெட்ட முடியாது, கைதை வெட்டவே முடியாது. மிஞ்சுவது எது? சாட்சி வீட்டுக் கதவைத் தட்டி, பெயரும் பதவியும் சொல்லி, ‘தொந்தரவுக்கு மன்னியுங்கள்’ என்று ஆரம்பிக்கும் இடம். ஆவணப் பிரிவிலிருந்து பதில் வரும்வரை காபியோடு காத்திருக்கும் இடம். ஒரே கேள்வியை மூன்றாவது ஆளிடம் அதே பொறுமையோடு கேட்கும் இடம். கதை நகர்வதற்கு இவை தேவையில்லை என்பது உண்மை. ஆனால் இந்த வகைத் தொடர்களில் நாயகனின் குணம் முழுக்கக் குடியிருப்பது அங்கேதான். அதை எடுத்துவிட்டால் கோட்டு போட்ட இரண்டு பேர் தகவல் ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

‘டிராக்நெட்’டை உருவாக்கிய ஜாக் வெப், 1948-ல் வந்த ஒரு போலீஸ் படத்தில் தடய ஆய்வக ஊழியராகச் சின்ன வேடத்தில் நடித்தார். அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் சார்ஜண்ட் மார்ட்டி வின், சினிமா போலீஸ் நிஜ போலீஸ் மாதிரியே இல்லை என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே விழுந்தது விதை. 1949-ல் வானொலித் தொடராகத் தொடங்கி 1951 டிசம்பரில் தொலைக்காட்சிக்கு வந்தது. கதைகள் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் துறையின் வழக்குக் கோப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டவை. இன்றைய கிழமை என்ன, வெயிலா மழையா, எந்தப் பிரிவில் பணி, மேலதிகாரி யார் என்று சார்ஜண்ட் ஜோ ஃபிரைடே நாட்குறிப்பு வாசிப்பது போலச் சொல்லித்தான் ஒவ்வொரு எபிசோடும் தொடங்கும். வசனத்தை மனப்பாடம் செய்தால் நடிகர்கள் ‘நடிக்க’ ஆரம்பித்துவிடுவார்கள் என்று வெப் அவர்களை டெலிப்ராம்ப்டரைப் பார்த்தே படிக்க வைத்தார். அந்தத் தட்டையான பேச்சுக்குக் காரணம் அதுதான். முதல் இரண்டு மூன்று எபிசோடில் சிரிப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். காது பழகியபின், குரலை உயர்த்தாமல் பேசுகிற அந்த மனிதருக்கு எப்போது கோபம் வருகிறது என்பது ஒரு சின்ன இடைவெளியிலேயே பிடிபடும். வெட்டிய பிரதியில் அந்த இடைவெளிதான் இருக்காது. அப்புறம், அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் மேற்கோள் காட்டும் ‘உண்மைகள் மட்டும் போதும், அம்மா’ என்ற வசனத்தை அந்த வார்த்தைகளில் அவர் தொடரில் பேசவே இல்லை. அதைப் பரப்பியது 1953-ல் ஸ்டான் ஃப்ரீபர்க் செய்த கேலிப் பதிவு.

சரி, நீளத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு வருவோம். வாங்குவதற்கு முன்பே, அல்லது பார்க்க உட்காருவதற்கு முன்பே, ஏதாவது மூன்று எபிசோடுகளின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1950, 60-களின் அரை மணித் தொடர் என்றால் 25 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு மணித் தொடர் என்றால் 50-ஐ ஒட்டி. 22, 45 என்று வந்தால் கத்திரி விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நீளம் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபிலிமில் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). ஐரோப்பா போன்ற, ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய நாடுகளின் டிஸ்க்கில் அதையே 25 சட்டமாக ஓட்டுவார்கள். அதனால் எல்லாமே 4 சதவீதம் வேகமாகும், 50 நிமிடம் 48 ஆகிவிடும். இதில் காட்சி எதுவும் போகவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும். இரண்டையும் பிரித்தறிய, கையிலிருக்கும் நீளத்தை 0.96-ஆல் வகுத்துப் பாருங்கள். 24 நிமிடம் 25 ஆனால் பயமில்லை. 22 நிமிடத்தை வகுத்தால் 23-க்குக் கொஞ்சம் கீழேதான் வரும். அப்படியென்றால் வெட்டுதான். வேகம் கூடிய பிரதியைக் கணினியில் பார்ப்பதானால் வி.எல்.சி. போன்ற பிளேயரில் ஓட்ட வேகத்தை 0.96 என்று வையுங்கள். ஒலி அமைப்பில் சுருதியைக் காப்பாற்றும் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ வசதி இயல்பாகவே போட்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். குரலும் பழைய கனத்துக்கு இறங்கிவிடும்.

நீளம் எங்கும் குறிப்பிடப்படாத பிரதி என்றால் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். விளம்பர இடைவேளைக்காக விட்ட இடத்தில் படம் மெதுவாக இருண்டு மறுபடி வெளிச்சமாகும். அந்த இருள் பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவினால் சந்தேகப்படுங்கள். பின்னணி இசை நடுச்சுரத்தில் நறுக்கென்று நின்றாலும் அப்படியே. நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு: நாம் பார்க்கவே பார்க்காத ஓர் ஆளைப் பற்றி, ‘அவர் சொன்னதும் இதையேதானே’ என்று போலீஸ்காரர் பேசுவார். அந்தச் சாட்சி தரையில் விழுந்த ஃபிலிம் துண்டில் இருக்கிறார். 1967 முதல் 1970 வரை வந்த ‘டிராக்நெட்’ மொத்தம் 98 எபிசோடு. எபிசோடுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 294 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வெட்டு நீளத்தில் மட்டும் விழுவதில்லை, உயரத்திலும் விழும். முழு நீளப் பிரதியைத் தேடிப் பிடித்த சந்தோஷத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இந்தத் தொடர்கள் எல்லாம் 4:3 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று 16:9-க்கு வெட்டினால் மேலும் கீழுமாகப் படத்தின் கால் பங்கு காணாமல் போகும். நெற்றிக்கு மேல் தலைமுடி இல்லாத போலீஸ்காரர்கள், மேஜை மேல் வைத்த சான்றுப்பொருளைக் காட்டாமல் முகத்தை மட்டும் காட்டும் விசாரணை. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதென்றால் நல்ல சகுனம். பட்டையில்லாமல் திரை நிரம்பியிருந்தால் முதலில் உங்கள் தொலைக்காட்சியின் ‘ஜூம்’ அமைப்பைப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான். பக்கவாட்டில் இழுத்திருந்தால் முகம் பூசணிக்காயாகத் தெரியும். கூடவே ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். 24 சட்ட ஃபிலிமை அது நேற்று எடுத்த வீடியோ போல வழவழப்பாக்கிவிடும்.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெட்டியின் அளவைச் சுருக்க, இரண்டு பக்கமும் பதிவு செய்த டிவிடிகள் பழைய தொடர்களுக்கு நிறைய வந்தன. லேபிள் ஒட்ட இடமில்லாமல், நடு வளையத்தில் மட்டும் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். இரண்டு பக்கத்திலும் இரண்டடுக்குப் பதிவு உள்ள வகை பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் சில சமயம் நடுவில் உறைந்து நிற்கும். காரணம், அடுக்குகளை ஒட்டிய பசை விளிம்புப் பக்கம் சரியாகப் பிடிக்காமல் போவது. டிவிடியில் தரவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். இரண்டடுக்குப் படத்தட்டில் முதல் அடுக்கு விளிம்புவரை போய், இரண்டாம் அடுக்கு அங்கிருந்து உள்ளே திரும்பும். ஆக, பலவீனமான விளிம்பில் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கத்தின் நடு எபிசோடுகள். முதல் எபிசோடைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘நல்லா ஓடுது’ என்று பெட்டியை அலமாரியில் வைப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான். வாங்கிய வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒவ்வொரு பக்கத்திலும் நடு எபிசோடை முழுசாக ஓட விடுங்கள். சும்மா முன்னால் தள்ளிப் பார்த்தால் போதாது, சிக்குகிற இடம் நாலைந்து வினாடிதான் இருக்கும். வெளிநாட்டு டிஸ்க் என்றால், எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டல எண்ணையும் பாருங்கள். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

1950-களின் கறுப்பு வெள்ளை ‘டிராக்நெட்’ வேறு தலைவலி. 276 எபிசோடில் ஒரு பகுதிதான் சுலபமாகக் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் 16 மி.மீ. நகலிலிருந்து எடுத்தவை. நிழல் எல்லாம் கருங்கட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் சுண்ணாம்பு. தலைப்பில் ‘பேட்ஜ் 714’ என்று வந்தால் வேறு தொடர் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அசல் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே மறுஒளிபரப்புக்கு வைத்த பெயர் அது. ஃபிரைடேயின் அடையாள வில்லை எண் 714.

பிரிட்டன் பக்கம் போனால் கவலை வேறு மாதிரி. ‘டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்’ பிபிசியில் 1955 முதல் 1976 வரை 432 எபிசோடு ஓடியது. ஜார்ஜ் டிக்ஸன் என்ற கான்ஸ்டபிள் 1950-ல் வந்த ஒரு படத்தில் இளம் குற்றவாளியின் துப்பாக்கிக்குப் பலியானவர். ஐந்து வருடம் கழித்துத் தொலைக்காட்சிக்காக அவரை உயிரோடு எழுப்பிக் கொண்டுவந்தார்கள், மக்களும் ஏன் என்று கேட்கவில்லை. நிலைய வாசலின் நீல விளக்குக்கு அடியில் நின்று நம்மைப் பார்த்து மாலை வணக்கம் சொல்லித் தொடங்குவார், கடைசியில் பிடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிப்பார். நடித்த ஜாக் வார்னருக்குத் தொடர் முடியும்போது வயது 80. பெரியப்பா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ஊர் நியாயம் சொல்வது போன்ற தொனி. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. ஆரம்ப எபிசோடுகள் நேரலையாகப் போனவை, பதிவு செய்யப்பட்ட நாடாக்களோ விலை அதிகம் என்பதால் அழித்துத் திரும்பப் பயன்படுத்தப்பட்டன. அமெரிக்கத் தொடர்கள் தப்பியதற்குக் காரணம் அவை 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டதுதான். ஆகவே ‘முழுத் தொடர்’ என்று யாராவது டிக்ஸனை விற்றால் நகர்ந்துவிடுங்கள். கிடைப்பதில் கணிசமானவை 1970-களின் வண்ண எபிசோடுகள், அவற்றின் தொனி கொஞ்சம் கடுமையானது. அதை வைத்துப் பழைய டிக்ஸனை எடைபோட முடியாது.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதிலும் நேரம் வீணாகும். வண்ண ‘டிராக்நெட்’டை முதல் எபிசோடிலிருந்து தொடங்கினால் போதை மருந்தைப் பற்றிய பிரசங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வர்ணம் பூசிய முகத்தோடு ஓர் இளைஞன், எதிரே அறிவுரை சொல்லும் ஃபிரைடே. பலர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். அதே முதல் சீசனில் இன்னொரு எபிசோடு உண்டு: கொள்ளைப் புகாரில் சிக்கிய ஓர் இளம் போலீஸ்காரரை ஃபிரைடேயும் அவர் கூட்டாளி பில் கேனனும் ஏறக்குறைய ஒரே அறைக்குள் வைத்து விசாரிப்பது. துரத்தல் இல்லை, சண்டை இல்லை. போலீஸ்காரனாக இருப்பது என்றால் என்ன என்று ஃபிரைடே மூச்சுவிடாமல் பேசும் நீண்ட பேச்சு உண்டு. அதில் தொடங்குங்கள். அந்த இளைஞராக நடித்த கென்ட் மெக்கார்டைத்தான் வெப் பிறகு ‘ஆடம்-12’க்கு அழைத்துக்கொண்டார்.

‘ஆடம்-12’ஐ மட்டும் முதல் எபிசோடிலிருந்துதான் பார்க்க வேண்டும். 1968-லிருந்து 1975 வரை 174 எபிசோடு. கூட்டாளியை இழந்து வேலையை விட்டுவிடும் முடிவோடு இருக்கிற மல்லாய், வேலைக்கு வந்த முதல் இரவிலேயே துள்ளும் ரீட், இருவரும் ஒரே ரோந்து காரில். மூத்தவர் ராஜினாமா செய்யாமல் போவதே முதல் கதை. அதன் பிறகு ஒவ்வொரு எபிசோடிலும் மூன்று நான்கு அழைப்புகள்: கணவன் மனைவி சண்டை, காணாமல் போன குழந்தை, திருட்டு. வானொலியில் அழைப்பு சொல்லும் பெண் குரல் ஷாரன் கிளாரிஜ் என்ற நிஜ போலீஸ் அழைப்பாளருடையது. தனித்தனி அழைப்புகளாக இருப்பதால் ஒன்றை அப்படியே உருவிவிட்டாலும் கதை ஓடும். நீளத்தைப் பார்க்காமல் கண்டுபிடிக்கக் கஷ்டமான தொடர் இதுதான். ‘கொலம்போ’வுக்கு வரிசையே தேவையில்லை. கொலைகாரர் யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள், செல்வந்தரான அந்த ஆளிடம் துப்பறிவாளர் கொலம்போ கசங்கிய மழைக்கோட்டோடு வந்து மரியாதை குறையாமல் கேள்வி கேட்டே அவரை மடக்குவதுதான் வேடிக்கை. மொத்தம் 69. ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஒரு வகை, ஒன்றரை மணிக்குச் சற்று மேலே இன்னொரு வகை. 1971 முதல் 1978 வரை வந்தவற்றைப் பாருங்கள். 1989-க்குப் பிறகு வந்தவற்றிலும் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் இருக்கிறார், அந்த நிதானம் இல்லை.

கைது செய்யும்போது உரிமைகளைப் படித்துக் காட்டும் காட்சியைக் கொஞ்சம் கவனியுங்கள். பேசாமலிருக்க உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும் என்பது 1966 ஜூன் 13-ல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்ண ‘டிராக்நெட்’ தொடங்கியது 1967 ஜனவரி. தீர்ப்பு வந்து ஏழே மாதம், போலீஸ்காரர்கள் பலர் அதை வெறுத்த நேரம். ஃபிரைடே அந்த வரிகளை முணுமுணுக்காமல், அவசரப்படாமல் சொல்வார். திரும்பத் திரும்ப வருவதால் கத்திரிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த மனிதர் மேல் நமக்கு நம்பிக்கை வருவதும் இதே இடத்தில்தான்.

இனி சொல்லப்போவதுதான் பிரதிக் கோளாறுகள் எல்லாவற்றையும்விட மனசைக் கஷ்டப்படுத்தியது. ‘டிராக்நெட்’ தொலைக்காட்சியில் முதலில் தலைகாட்டியது 1951 டிசம்பர் 16. ஒன்பதே நாளில், கிறிஸ்துமஸ் அன்று, அதே லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் காவலில் இருந்த ஏழு இளைஞர்களைக் குடித்திருந்த போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள். ஏழில் ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர். எட்டு அதிகாரிகள் மேல் குற்றச்சாட்டு பதிவாகி ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர்தான் தொடருக்குக் கோப்புகளும் ஒத்துழைப்பும் கொடுத்தவர், கதைகளும் துறையின் பார்வைக்குப் போய்த்தான் வரும். இதைப் படித்த பிறகு சில வாரங்கள் ஃபிரைடே முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. அப்படி ஆனால், ஒதுக்கிவிட வேண்டாம், கூடவே வேறொன்றை வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் டிக்ஸனின் அந்தப் பெரியப்பாத்தனத்துக்குப் பதில் சொல்ல வந்தது 1962-ன் ‘இஸட் கார்ஸ்’. முதல் எபிசோடிலேயே கான்ஸ்டபிள் ஒருவரின் மனைவி கணவன் அடித்துக் கண் கறுத்த முகத்தோடு வந்தாள், நிஜ போலீஸ் அதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் அதே வேலையை 1981-ல் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ செய்தது. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாற்றிப் பார்த்தால், ஃபிரைடே ஒரு துறை தன்னைப் பற்றிக் கொடுத்த வாக்கு என்பது புரியும். வாக்கு தவறியவர்கள் யார் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். எனக்கு அவர் திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

முழுப் பிரதி கிடைத்ததும் கிறிஸ்துமஸ் கதையைத் தேடி எடுங்கள். 1953-ல் வண்ணத்தில் எடுக்கப்பட்டு டிசம்பர் 24 அன்று வந்தது, 1967-ல் மறுபடி எடுத்தார்கள். ஏழைகள் வரும் ஒரு தேவாலயத்தில் குழந்தை இயேசு சிலை காணவில்லை. விற்றால் பெரிதாக எதுவும் தேறாத சிலை. அதற்காக ஒரு நாள் முழுக்க இரண்டு துப்பறிவாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், கிடைக்காமல் பாதிரியாரிடம் வந்து நிற்கிறார்கள். அப்போது ஒரு சிறுவன் சிவப்பு வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறான், சிலை அதற்குள். வண்டி கிடைத்தால் முதல் சவாரி குழந்தை இயேசுவுக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தானாம். தீயணைப்பு வீரர்கள் பழைய பொம்மைகளைச் சரிசெய்து பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் வண்டி வந்திருக்கிறது. குற்றவாளி கிடையாது, கைது கிடையாது, கடைசியில் அறிவிக்கத் தீர்ப்பும் கிடையாது. அவன் வீட்டார் ஏழைகள் என்கிறார் பாதிரியார். ஃபிரைடே அதைக் கேள்வியாகத் திருப்பி அவரிடமே கேட்கிறார், அத்தோடு முடிகிறது.